உஷார்! ‘எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி’ கூட்டி வருகிறீர்களா?

மே மாதம் பிறந்தால் போதும். மதுரையில் காளவாசல், எஸ்.எஸ். காலனி, பொன்மேனி, பெத்தானியாபுரம் வீடுகளிலிருந்து உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் போன் பறக்க ஆரம்பித்துவிடும். “மதினி, ஜூன்ல நான் திரும்ப வேலைக்குப் போகணும். பிள்ளையப் பாத்துக்க வீட்டோட ஒரு பொண்ணு வேணும். பத்தாவது, பன்னெண்டாவது முடிச்சுட்டுச் சும்மா இருக்குற பிள்ள யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க. எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி வச்சுக்கிறோம்.”

கேட்பதற்கு இதமாகத்தான் இருக்கிறது. சொல்கிறவரும் மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் ஆபத்து அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. வீட்டுப் பெண் என்று சொல்லியாகிவிட்டது; அதன்பிறகு சம்பளத்தைக் கறாராகப் பேச இரண்டு பக்கமும் கூச்சம். எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று கேட்டால் அவள் அம்மாவுக்கு மரியாதைக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா என்ற பேச்சே எழாது. நம் சொந்த மகள் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் தட்டைத் தள்ளுவாள், கோபம் வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். ஊரிலிருந்து வந்த இந்தப் பிள்ளைக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடையாது. மகளுக்குரிய கடமைகள் எல்லாம் அவள் தலையில். மகளுக்குரிய சுதந்திரம் ஒன்றுகூட அவள் கையில் இல்லை.

அதன் முடிவு எங்கெல்லாம் போய் நின்றிருக்கிறது என்று பாருங்கள். 2024 ஜனவரியில், சென்னையில் வீட்டோடு வேலை பார்த்த 18 வயதுப் பெண் ஒருவர் பொங்கலுக்கு உளுந்தூர்பேட்டைப் பக்கத்துச் சொந்த ஊருக்குப் போனார். உடம்பெல்லாம் காயம். ஆஸ்பத்திரியில் காட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பன்னிரண்டாவது முடித்துவிட்டு, மேலே படிக்கக் காசு சேர்க்கலாம் என்று வேலைக்கு வந்த பிள்ளை. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் மகன், மருமகள் மீது வழக்குப் பதிவாகி இருவரும் கைதானார்கள். அதே ஆண்டு தீபாவளி நாளில், சென்னை அமைந்தகரையில் ஓர் அடுக்குமாடி வீட்டின் குளியலறையில், அங்கே வேலைக்கு இருந்த பதின்ம வயதுப் பெண் இறந்துகிடந்தாள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை. அந்த வீட்டுத் தம்பதியும் இன்னும் சிலரும் கைதானார்கள்.

சென்னைதானே, பெரிய இடத்து விவகாரம்தானே என்று ஒதுக்காதீர்கள். சிங்கப்பூரில் நடந்ததைக் கேளுங்கள். 2016 ஜூலையில், மியான்மரிலிருந்து போய் ஒரு தமிழ்க் குடும்பத்தில் வேலை பார்த்த 24 வயதுப் பெண் இறந்துபோனார். ஊரில் அவருக்கு மூன்று வயது மகன். வேலைக்குச் சேர்ந்தபோது அவர் எடை 39 கிலோ. பதினான்கு மாதம் கழித்து உயிர் பிரிந்தபோது 24 கிலோ. கடைசி 35 நாள் அவர் பட்ட சித்திரவதை அந்த வீட்டின் சொந்தக் கேமராக்களிலேயே பதிவாகியிருந்தது. 2021 ஜூனில் அந்த வீட்டு எஜமானிக்கு 30 ஆண்டு சிறை. அவருடைய தாய்க்கும், போலீஸ்காரராக இருந்த கணவருக்கும் அதன்பிறகு தண்டனை கிடைத்தது. இந்த வழக்கில் என்னை உலுக்கியது வேறு ஒன்று. முதல்முறையாக வெளிநாட்டுக்கு வேலைக்கு வந்த அந்தப் பெண்ணிடம், ஆரம்பத்திலேயே இரண்டு நிபந்தனைக்குச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். கையில் போன் கூடாது. லீவு கிடையாது. இரண்டும் காளவாசலில் நாம் சர்வசாதாரணமாகப் போடுகிற நிபந்தனைகள்.

“போன் கையில இருந்தா பிள்ளையப் பாக்க மாட்டா.” “ஊருக்குப் போனா திரும்பி வர மாட்டா.” இந்த இரண்டு பேச்சும் உங்கள் வீட்டில் எழுந்தால் அன்றைக்கே உஷாராகிவிடுங்கள். அடிக்கிற வீடு முதல் நாளே அடிப்பதில்லை. முதலில் போனை வாங்கி பீரோவில் வைப்பார்கள். அடுத்து, ஆபீஸ் போகும்போது வெளிப்பக்கம் பூட்டுவார்கள். அடுத்து இட்லியை எண்ணுவார்கள். கேட்க ஆளில்லை என்று வீட்டுக்காரர்களுக்கு உறைக்கிற நாளில் கை நீளும். நல்ல மனிதர்கள் என்று பெயரெடுத்தவர்களும் வழுக்கி விழுகிற இடம் இது.

இனி வயது விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் நம் மக்கள் அதிகம் ஏமாற்றிக்கொள்கிறார்கள். 14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளையை வீட்டு வேலைக்கு வைக்க 2006 அக்டோபர் 10 முதல் தடை. 2016இல் சட்டம் இன்னும் இறுகி, இன்றைக்கு மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். “பதினஞ்சு ஆயிருச்சே” என்று தைரியப்படவும் வேண்டாம். சிறார் நீதிச் சட்டத்தின் 79ஆம் பிரிவுக்கு 18 வரை குழந்தைதான். அந்தப் பிள்ளையைக் கட்டிப்போட்டதுபோல் வேலையில் வைத்தாலோ, சம்பளத்தைக் கொடுக்காமல் பிடித்து வைத்தாலோ ஐந்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். ‘கல்யாணத்துக்கு மொத்தமா நகையா எடுத்துத் தர்றோம்’ என்று மாதச் சம்பளத்தை நிறுத்தி வைப்பது நம் பக்கத்தில் பெருமையான வழக்கமாக நடக்கிறது. அது குற்றக் கணக்கில் வந்து நிற்கும், தெரிந்துகொள்ளுங்கள். என் தீர்ப்பைக் கேட்டால், 18 நிரம்பாத பிள்ளையை வீட்டோடு தங்க வைக்கவே கூடாது. ஆதார் அட்டையில் பிறந்த தேதியைப் பாருங்கள், பள்ளி மாற்றுச் சான்றிதழையும் பாருங்கள். பார்த்துவிட்டு, நகல் மட்டும் வைத்துக்கொண்டு அசலை அவள் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

அவள் அப்பாவிடமோ புரோக்கரிடமோ மொத்தமாக அட்வான்ஸ் கொடுத்து, ‘இது கழியிற வரைக்கும் இருக்கட்டும்’ என்று பேசினால் அது 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் விழும். மூன்றாண்டு வரை சிறை. செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மட்டும்தான் அந்தச் சட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற படித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆள் வந்து சேருகிற நாளைப் பற்றிச் சொல்கிறேன். தேனி பஸ்ஸில் வந்து காளவாசலில் இறங்குவாள், கையில் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பை. அவளைத் தனியாக வரச் சொல்லாதீர்கள். அம்மாவையோ அத்தையையோ கூட்டி வரச் சொல்லி, அவர்களை ஒரு ராத்திரி உங்கள் வீட்டிலேயே தங்க வையுங்கள். மகள் எங்கே படுப்பாள், எந்த பாத்ரூம், மேல்வீட்டில் யார், கீழே யார் என்று அந்தத் தாய் தன் கண்ணால் பார்த்துப் போகட்டும். வேலைக்கு வருகிறவரைச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறை இணையத்தில் வசதி வைத்திருக்கிறது. நாமும் தயங்காமல் விண்ணப்பிக்கிறோம். நம்மை அந்தக் குடும்பம் சரிபார்க்க இந்த ஒரு ராத்திரியை விட்டால் வேறு வழியில்லை.

தூங்குகிற இடம். நம் ஃபிளாட்களில் இதுதான் பெரிய சிக்கல், இதில்தான் பெரிய பாவமும் நடக்கிறது. இரண்டு பெட்ரூம் வீடு. ஒன்றில் தம்பதி, ஒன்றில் மாமியார். அவளுக்கு ஹாலில் பாய், ஃபிரிட்ஜுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவில். ராத்திரி வீட்டு ஆண் தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் வருவார். அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். இருட்டில் காலடிச் சத்தம் கேட்டு விழித்துப் பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துப் படுத்திருப்பவளுக்கு அது எப்படித் தெரியும்? பாத்ரூம் போக வேண்டுமென்றால் யாராவது ஒருவருடைய அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் விடியும்வரை அடக்கிக்கொள்வாள். நாலைந்து நாளில், சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவாள். அப்புறம் நீர்க்கடுப்பு, காய்ச்சல். ‘மதுரைத் தண்ணி ஒத்துக்கல போல’ என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம்.

உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும்படியான ஓர் இடம் அவளுக்கு வேண்டும். தனி அறை முடியாதென்றால் மாமியார் அறையில் ஒரு கட்டில், துணி வைக்கப் பூட்டுடன் ஓர் அலமாரித் தட்டு, நடுராத்திரியிலும் யாரையும் எழுப்பாமல் போக ஒரு பாத்ரூம். அதற்கும் வழியில்லையா? உங்கள் வீடு வீட்டோடு ஆள் வைக்கிற வீடில்லை. காலையில் வந்து மாலையில் போகிறவரைப் பாருங்கள்.

அடுத்து, கேமரா. குழந்தையைப் பார்க்கவென்று வைஃபை கேமரா வாங்கி ஹாலில் மாட்டிவிடுகிறோம். பகலில் சரி. ராத்திரி அந்த ஹாலில்தானே அவள் படுக்கிறாள், அங்கேதானே துணி மாற்றுகிறாள்? உடை மாற்றும் பெண்ணை அவளுக்குத் தெரியாமல் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம், முதல் முறையே மூன்றாண்டு வரை சிறை. ‘குழந்தைக்காக வச்சது’ என்ற பதில் கோர்ட்டில் நிற்கும் என்று நம்பி இருக்காதீர்கள். கேமரா எங்கே இருக்கிறது, யார் போனில் தெரிகிறது என்று முதல் நாளே அவளிடம் காட்டுங்கள். அவள் படுக்கிற இடத்தில் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

வெளியே பூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2012இல் டெல்லி துவாரகாவில் ஒரு டாக்டர் தம்பதி, 13 வயது வேலைக்காரப் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டிவிட்டுத் தாய்லாந்துக்குச் சுற்றுலா போனார்கள். பால்கனியில் நின்று அழுத பிள்ளையைத் தீயணைப்பு வீரர்கள் வந்து மீட்டார்கள். நீங்கள் தாய்லாந்து போக வேண்டாம், சிம்மக்கல்லில் இருக்கிற பாங்குக்குத்தான் போகிறீர்கள். கேஸ் கசிந்தால்? கைக்குழந்தைக்கு வலிப்பு வந்தால்? உள்ளே இருப்பது உங்கள் பிள்ளையும்தான். சாவி ஒன்று அவளிடம் இருக்கட்டும். போனும் சார்ஜோடு அவளிடமே இருக்கட்டும், ரீசார்ஜ் உங்கள் செலவு. அடுப்பங்கரைச் சுவரில் 108, உங்கள் இருவர் நம்பர், எதிர்வீட்டு அக்கா நம்பர், குழந்தை டாக்டர் நம்பர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். சிலிண்டர் வால்வை மூடுவது எப்படி என்று அவள் கையாலேயே செய்ய வைத்துப் பாருங்கள்.

சாப்பாட்டில் முதல் சில நாள் “பசிக்கலக்கா” என்றுதான் சொல்வாள். நம்பாதீர்கள். கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற பழக்கம் அந்நிய வீட்டில் யாருக்கும் உடனே வராது. நீங்கள் உட்காரும்போதே அவளுக்கும் தட்டு வைத்துப் பரிமாறுங்கள். எல்லாரும் முடித்தபின் ஆறிப்போன குழம்பும் அடிச்சோறும் மிஞ்சுகிற வீட்டில் அவள் இளைத்துக்கொண்டே போவாள். தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருக்கிற வீடு இன்னும் நம் ஊரில் இருக்கிறது. எந்தச் சமாதானமும் சொல்ல வேண்டாம், அது தீண்டாமை. அவள் பட்டியல் சாதிப் பெண்ணாக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரை போகும் குற்றம்.

வெளிநாட்டில் இந்த ஏற்பாட்டை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பது நமக்கு உதவும். ஐரோப்பாவில் ஓபேர் என்று ஒரு முறை உண்டு. வேற்று நாட்டு இளம்பெண்ணோ பையனோ ஒரு குடும்பத்தோடு தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே அந்த நாட்டு மொழியைக் கற்பார்கள். குடும்பத்தில் ஒருவராக நடத்துவதுதான் அங்கேயும் அடிப்படை. ஆனால் 1969இலேயே இதற்கென்று ஓர் ஐரோப்பிய ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். ஜெர்மனியில் வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தனி அறை, கைச்செலவுப் பணம், வாரம் ஒன்றரை நாள் ஓய்வு எல்லாம் எழுத்தில் இருக்கும். அமெரிக்காவில் வாரம் 45 மணி, நாளுக்கு 10 மணி உச்சவரம்பு. அன்பை அன்பாகவும் கணக்கைக் கணக்காகவும் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் மீறுகிறவர்கள் உண்டு. மீறினார்கள் என்று காட்ட ஒரு காகிதமாவது இருக்கிறது.

நம்மிடம் அதுவும் இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்கென்று நாடு முழுவதற்கும் ஒரு தனிச் சட்டம் இல்லாததைச் சுட்டிக்காட்டி, அதை ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. வீட்டுத் தொழிலாளர்களுக்கான 2011ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கைக்கு இந்தியா ஆதரவாக ஓட்டுப் போட்டது, ஏற்புக் கையெழுத்து இன்னும் போடவில்லை. தமிழ்நாடு இதில் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. 2007இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் வந்தது. 2018இல் மணிக்கு 37 ரூபாயில் தொடங்கிக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயமானது. அவளைத் தொழிலாளர் நலத்துறை அலுவலகத்துக்கு நீங்களே கூட்டிப்போய் வாரியத்தில் பதிந்து கொடுங்கள். சம்பளத்தை ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் அவள் பெயரிலுள்ள பாங்குக் கணக்கில் போடுங்கள், அப்பா கணக்கில் வேண்டாம். காலை எத்தனை மணி முதல், மத்தியானம் எவ்வளவு நேரம் ஓய்வு, ராத்திரி குழந்தை அழுதால் எழ வேண்டியது யார் என்பதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இரு பக்கமும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை அவள் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

லீவு, வாரம் ஒரு முழு நாள். அந்த நாளில் ‘சும்மா இந்தத் துணியை மட்டும் மடிச்சு வச்சுரு’ என்று சொல்லாதீர்கள். பொங்கலுக்கும், அழகர் ஆற்றில் இறங்கும்போதும், மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்கும் ஊருக்கு அனுப்புங்கள், பஸ் காசு கொடுத்து. அந்த நாட்களில் சொந்த ஊரில் இல்லாவிட்டால் நம் பக்கத்துப் பிள்ளைக்கு ஏக்கம் பிடித்துவிடும். திரும்பி வர மாட்டாளோ என்று பயமாக இருந்தால், ஏன் வரமாட்டாள் என்பதை உங்கள் வீட்டுக்குள் தேடுங்கள்.

குழந்தைக்கு அவளை ‘அக்கா’ என்று கூப்பிடக் கற்றுக்கொடுங்கள். பெயரைச் சொல்லி அதட்டவோ கையை நீட்டி அடிக்கவோ விடாதீர்கள். குழந்தை முன்னால் அவளைத் திட்டினால், அடுத்த நாளிலிருந்து குழந்தை அவள் சொல்லைக் கேட்காது, நஷ்டம் உங்களுக்குத்தான். முதல் ஒரு வாரமாவது நீங்களோ மாமியாரோ கூட இருங்கள். ஒரு பக்குவமும் சொல்லித்தராமல் பத்து மாதக் குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு ஓடினால், தப்பு நடக்கும்போது பழி அவள் மேல் விழும். இன்னொன்று. குழந்தை அழும்போது உங்களை விட்டுவிட்டு அவளிடம் தாவும் நாள் ஒன்று வரும். நெஞ்சு எரியும். பல வீடுகளில் அன்றைக்குத்தான் கடுகடுப்பு ஆரம்பமாகிறது. ஆனால் குழந்தை அப்படித் தாவுவது, அவள் நல்லபடி பார்த்துக்கொள்கிறாள் என்பதற்குச் சாட்சி.

நகை விஷயத்தில் ரொம்ப ரொம்ப உஷார். இருக்கிற நகையை முன்கூட்டியே பாங்கு லாக்கரில் வையுங்கள். அது உங்கள் நகையைக் காக்கும், அவளையும் காக்கும். ஏதாவது காணவில்லை என்றால் வீடு முழுக்கத் தேடுங்கள். அவள் பையைக் கொட்டிப் பார்ப்பது, சொந்தக்காரர்களை வரவழைத்து மிரட்டுவது, தெரிந்த போலீஸ்காரரிடம் சொல்லி ‘விசாரிக்க’ வைப்பது இவற்றையெல்லாம் கனவிலும் செய்யாதீர்கள். 2025 ஜூனில் நம் பக்கத்துத் திருப்புவனம் அருகே மடப்புரத்தில், காரில் வைத்த நகையைக் காணோம் என்ற புகாருக்காகப் போலீஸ் அழைத்துப்போன 27 வயதுக் கோயில் காவலாளி உயிரோடு திரும்பவில்லை. போலீஸார் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. ஏழை மேல் விழும் திருட்டுச் சந்தேகம் எவ்வளவு வேகமாக உயிர்வரை போகும் என்பதற்கு நாம் டெல்லியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

வீட்டு ஆண்களால் தொல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் அதை மூடி மறைக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் வீட்டையும் வேலையிடமாகத்தான் பார்க்கிறது. மாவட்ட ஆட்சியர் அமைத்த உள்ளூர்க் குழுவிடம் அவள் நேரே புகார் கொடுக்கலாம். இதை அவளிடம் சொல்ல வேண்டியது வீட்டுப் பெண்ணாகிய நீங்கள்தான்.

ஏற்கெனவே வீட்டோடு ஆள் வைத்திருக்கிறவர்கள் இன்று ராத்திரியே அவள் போனை அவளிடம் திருப்பிக் கொடுங்கள். அவள் அம்மாவிடம் தனியாகப் பேசிக்கொள்ளட்டும், நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாடிப்படியில் தினம் பார்த்த பிள்ளை சில நாளாகக் கண்ணில் படவில்லை, இளைத்துப்போயிருக்கிறாள், கையில் சூட்டுக்காயம், பேச்சுக் கொடுத்தால் பயந்து ஓடுகிறாள் என்றால், ‘அடுத்த வீட்டு விஷயம்’ என்று கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். 18க்குக் கீழ் என்று தோன்றினால் 1098, பெண்களுக்கு 181, உடனே ஆள் வேண்டுமென்றால் 112. மூன்றும் இலவசம், மூன்றும் 24 மணி நேரமும் எடுப்பார்கள். உறுதியாகத் தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சந்தேகம் வந்த அன்றைக்கே அழையுங்கள்.